இடப்பக்க இருக்கை

தைலமரக் காடு ஆரம்பித்துவிட்டது. கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்திருக்கிறேன், வாசனை மூக்கில் ஏறுகிறது, அப்படியென்றால் கந்தர்வகோட்டை தாண்டி ஆறேழு கிலோமீட்டர் வந்தாகிவிட்டது, இன்னும் இரண்டு வளைவு, ஒரு வேகத்தடை, அதற்குப் பிறகு ஒரு முக்கு, அங்கே குணம் கேட்பாள். குணம் என்றால் குணசுந்தரி, என் மனைவி, கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம், கூப்பிடச் சுருக்கமாக இருக்கட்டும் என்று பெயரில் பாதியை வெட்டிவிட்டேன், வெட்டினதுதான் வெட்டினீர்கள், சுந்தரியை ஏன் வெட்டினீர்கள் என்று இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகு சீட்டில் படாமல், பரீட்சை எழுதுகிறவளைப் போல உட்கார்ந்திருப்பாள். இருப்பாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அவள் பக்கம் நேராகத் திரும்பினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அழுக்குக் கறைதான் இருக்கிறது. முகத்தை விட்டுவிட்டு, அவளுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற ஜன்னல் மேல் பார்வையை வைத்தால் முகம் கலங்கலாக ஓரத்தில் வந்து உட்காருகிறது. எதைப் பார்க்கிறேனோ அது இல்லை, எதைப் பார்க்கவில்லையோ அது இருக்கிறது. ஏழு மாதமாக இப்படி. அவளுக்குத் தெரியாது. வேகத்தடை வந்துவிட்டது, வயிறு ஒருமுறை குலுங்கியது, கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. "லெஃப்ட்ல எதாச்சும் வருதாங்க?" நான் முகத்தை இடது பக்கம் நன்றாகத் திருப்புகிறேன், கழுத்தைக்கூட வெளியே நீட்டுகிறேன், பார்க்கிற மாதிரி. உண்மையில் காதைத்தான் கொடுக்கிறேன். காற்று, இலைகள், எங்கேயோ ஒரு மோட்டார் செட், ஒரு மைனா. வண்டிச் சத்தம் இல்லை. "ஒண்ணுமில்ல, போ." போனாள்.

இந்த 'ஒண்ணுமில்ல, போ'தான் இப்போது என் உத்தியோகம். ரிட்டயர் ஆவதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவன், பெயர் பக்கிரிசாமி, ஆனால் இந்தப் பக்கத்து டாக்டர்களுக்கெல்லாம் வெறும் சாமி, ஆலங்குடி, கறம்பக்குடி, பேராவூரணி, பட்டுக்கோட்டை என்று பை தூக்கிக்கொண்டு அலைந்த சாமி. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் மருந்துப் படப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், ரெப்புக்கு அது தலைகீழ், ஆனாலும் பேனா முனையால் சரியான வரியைத் தொட்டுக்கொண்டே, கண்ணை டாக்டர் முகத்திலிருந்து எடுக்காமல், படிக்கிற மாதிரி பேச வேண்டும். எல்லாம் மனப்பாடம். பக்கத்தைக் குனிந்து பார்த்துப் படிக்கிற ரெப்பை எந்த டாக்டரும் மதிக்க மாட்டார். அந்தப் பழக்கம் ரிட்டயரான பிறகு இப்படிக் கைகொடுக்கும் என்று யார் கண்டது. ஊர்ப் பலகை வருகிற இடத்தில் விரலை நீட்டி, "இன்னும் பதினோரு கிலோமீட்டர் போட்டிருக்கான்" என்பேன். போட்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், போட்டிருப்பது தெரியாது. சாலையை உடம்பால் படிக்கிறேன். ரயில்வே கேட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு குலுக்கல், சூளைக்குப் புகை நாற்றம், மர நிழலுக்குக் கதவின் மேல் வைத்திருக்கும் முழங்கையில் ஒரு குளிர்ச்சி, நிழல் முடிந்தால் சுள்ளென்று வெயில், கொப்பரை காயப்போட்ட எண்ணெய் வாடை வந்தால் பேராவூரணி பக்கம் வந்துவிட்டோம், அதற்கும் அப்புறம் உப்புக் காற்று, கடல். நாலு வழிச்சாலையில் இது ஒன்றும் நடக்காது. அங்கே எல்லா ஊரும் ஒரே ஊர், எல்லாச் சத்தமும் ஒரே சத்தம், எது இடது பக்கம் வருகிறது, எது தலைமேல் வருகிறது என்று காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால்தான் இந்த வருஷம் திருச்சியிலிருந்து கடலுக்குப் போவதும் குறுக்கு ரோட்டில்தான்.

குறுக்கு ரோடுதான் பிடிக்கும் என்று குணத்திடம் சொன்னதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நாங்கள் எப்போதுமே குறுக்கு ரோட்டுக்காரர்கள்தான். பொங்கல் முடிந்த வாரத்தில் மூன்று நாள் எங்கேயாவது கிளம்பிவிடுவோம், போன வழியில் திரும்பக் கூடாது, நாலு வழிச்சாலையைத் தொடக் கூடாது, வழி தெரியாவிட்டால் மூன்று பேரிடம் கேட்டு ஓட்டெடுப்பு வைத்துப் பெரும்பான்மைப்படி திரும்ப வேண்டும், இதெல்லாம் நானே போட்ட சட்டம். ஒருமுறை குளித்தலைக்குப் பக்கத்தில் மூன்று பேரும் மூன்று திசை சொன்னார்கள், நாலாவதாக ஒரு கிழவியைக் கேட்டதற்கு எந்த ஊருக்குப் போனாலும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள், அன்றைக்குக் குணம் சிரித்த சிரிப்பில் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது நான் ஓட்டினேன், அவள் இந்த இருக்கையில் இருந்தாள். போன ஜூன் மாதம் வீட்டில் காலண்டரைப் பார்க்கிறேன், பத்தொன்பதாம் தேதி இருக்கிறது, இருபத்தொன்றாம் தேதி இருக்கிறது, இருபதைக் காணவில்லை. காலண்டரில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். என்ன புத்தி பாருங்கள், கண்ணை விட்டுவிட்டுக் காலண்டரைச் சந்தேகித்தேன். அடுத்த வாரமே ரெப்புகள் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார் அந்த டாக்டர், சின்ன வயசு, என்னிடம் ஒரு சாம்பிளும் வாங்கியிருக்க மாட்டார். ஓரப் பார்வை கடைசிவரை இருக்கும், ஊசி போட்டுப் பார்க்கலாம், மேற்கொண்டு தேயாமல் நிற்கலாம், நிற்காமலும் போகலாம், வண்டி மட்டும் ஓட்டாதீர்கள், அடுத்த முறை வீட்டில் யாரையாவது அழைத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை நான் போகவே இல்லை. அழைத்துக்கொண்டு போனால் தெரிந்துவிடுமே. மூட்டு வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று குணத்திடம் சொன்னேன், நம்பிக்கை வருவதற்காக ஒரு முட்டி உறை வாங்கி மாட்டிக்கொண்டேன், அது இப்போதும் அரிக்கிறது. ராத்திரி ராத்திரி அவள் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். நோகாத முட்டியை நீட்டிக்கொண்டு நான் படுத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் வருகிறது, ஒவ்வொரு பதிலும் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. அவள் பயப்படுவாள் என்பது ஒரு பதில். அவள் எதற்குப் பயந்தாள், ஐம்பத்தேழு வயதில் டிரைவிங் ஸ்கூலில் காலேஜ் பெண்களோடு வரிசையில் நின்றவள், எட்டுப் போடச் சொன்னால் ஒன்பதாகப் போட்டுவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து சிரித்தவள், லைசென்ஸ் வந்ததும் அதைச் சாமி அலமாரியில் ஒரு வாரம் வைத்துக் குங்குமம் வைத்தவள். பயம் எனக்குத்தான். காரில் ஏற்றி இறக்குகிற சாமான்களில் ஒன்றாக நான் ஆகிவிடுவேனோ என்ற பயம், பெட்டி, தண்ணீர்க் கேன், பக்கிரிசாமி. அதனால் அவள் ஓட்ட ஆரம்பித்த முதல் நாளே பெரிய மனசு பண்ணுகிறவன் போல, "வலது பக்கம் உன்னுது, இடது பக்கம் என்னுது, நீ வலத மட்டும் பாத்துக்க" என்று உலகத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். அவளும் ஏற்றுக்கொண்டாள். நான்கு மாதமாக முக்குக்கு முக்கு வலது பக்கத்தை அவள் பார்க்கிறாள், இடது பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இதை நான் நேராக நினைப்பதில்லை, கண்ணுக்குப் பழகின மாதிரி மனதையும் கொஞ்சம் ஓரமாகத் திருப்பி வைத்துக்கொள்கிறேன். குறுக்கு ரோட்டில் வருகிற வண்டிகள் எல்லாம் சத்தக்கார வண்டிகள், டிராக்டர் அரைக் கிலோமீட்டருக்கு முன்னால் சொல்லிவிடும், மினி பஸ் பாட்டோடு வரும், டிவிஎஸ் ஐம்பதுக்குக்கூட ஒரு இருமல் உண்டு. இதுவரை ஒரு தப்பும் நடக்கவில்லை, இனியும் நடக்காது, வெயில் இன்னும் ஏறவில்லை, வயல் பக்கமிருந்து ஈரக் காற்று வருகிறது, குணம் மூன்றாவது கியரில் சீராகப் போகிறாள், இதைவிட என்ன வேண்டும். அவளுக்குத்தான் ஒரு ஆசை இருந்தது. லைசென்ஸ் வாங்கின புதிதில், "ஒரு தடவை தஞ்சாவூர் ரோட்ல எண்பதுல போய்ப் பாக்கணுங்க" என்றாள். இன்னும் கை பழகட்டும் என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. செல்போனில் வழி சொல்கிற பெண்ணையும் நான்தான் அணைக்கச் சொல்லிவிட்டேன், அவள் எந்தச் சந்தில் விட்டாலும் நம்மை நாலு வழிச்சாலைக்கே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று காரணம் சொன்னேன்.

கறம்பக்குடிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். விறகடுப்புப் புகை, கொதித்துக் கொதித்து அடிப்பிடித்த பால், பெஞ்சு ஒரு பக்கம் ஆடியது. குணம் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடையில் முந்திரிப்பருப்பு விலை கேட்கப் போய்விட்டாள், இந்தப் பக்கம் வந்துவிட்டு முந்திரி வாங்காமல் போனால் அவளுக்குத் தூக்கம் வராது. டீக்கடை அம்மா கிளாஸை நீட்டியிருக்கிறார், நான் அதற்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டியிருக்கிறேன். வழக்கமாக இப்படி ஆகும்போது வேறு எங்கேயோ கவனமாக இருக்கிற மாதிரி காட்டிக்கொள்வேன், அன்றைக்கும், அன்றைக்கென்ன, இப்போது அரைமணி நேரத்துக்கு முன்னால்தான், மரத்தில் எதையோ பார்க்கிறவன் போல முகத்தைத் தூக்கினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, கிளாஸை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். "சூடு, பாத்து" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சக்கரையா சார்?" "இல்லம்மா, இது வேற." "எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரைல போச்சு. அவுகளும் இப்படித்தான், மரத்தப் பாப்பாக." நான் டீயை உறிஞ்சினேன், நாக்கு சுட்டது. "அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் குணத்தின் செருப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டது, "கால் கிலோ வாங்கினேங்க, திருச்சியவிட நல்லாருக்கு" என்றது குரல். டீக்கடை அம்மா அடுப்பைக் கிளற ஆரம்பித்தார். ஏழு மாதமாகக் கூடவே இருக்கிறவளுக்குத் தெரியாதது, ஒரு டீ போடுகிற நேரத்தில் இவருக்குத் தெரிந்துவிட்டது. குணம் கெட்டிக்காரி, கண்டுபிடிக்கத் தெரியாதவள் இல்லை. நான் ஒன்று சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள், அவ்வளவுதான். அந்த நினைப்பு காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகும் டீ சுட்ட இடத்தில் எரிந்துகொண்டே வருகிறது. கடலைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். இல்லை, ஊருக்குத் திரும்பி. இல்லை, கடலில்.

ஒரு சின்னப் பாலம், டயர் இரண்டு முறை தட்டியது. பாலம் தாண்டி நூறடியில் ஒரு மூன்று முக்கு, நாங்கள் வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கே அந்தக் காலத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாடையை வைத்து அந்த முக்கைத் தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தேன், இப்போது வாடை இல்லை, கடையை எடுத்திருப்பார்கள், ஆனாலும் குணம் நிறுத்தினாள், அதனால் முக்கு இருக்கிறது. "வருதாங்க?" கழுத்தை நீட்டினேன். எவ்வளவு அமைதி. தென்னை ஓலை ஒன்று இன்னொன்றின் மேல் உரசுகிறது, தூரத்தில் யாரோ துணி துவைக்கிறார்கள், கல்லில் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் எதிரொலி வருகிறது, அந்த அமைதி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்ல, போ." கார் நகர்ந்தது, ஒரு கார் நீளம்கூட இருக்காது, திடீரென்று செவ்வந்திப் பூ வாசனை, இவ்வளவு பூ எங்கிருந்து என்று நினைக்கிறேன், குணம் "ஐயோ" என்றாள், பிரேக் பிடித்தாள், என் நெற்றி கண்ணாடிக்கு நாலு விரல் தள்ளி நின்றது, எஞ்சின் உதறிவிட்டு அணைந்தது. எங்கள் பானெட்டுக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில், ஒரு பெண் குரல். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" பேட்டரி ஸ்கூட்டர். முன்னால் பூக்கூடை. கரண்டில் ஓடுகிற வண்டி, ஒரு சத்தமும் இல்லாமல் வந்து ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கிறது. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "சத்தமே இல்லாம வந்தா எப்படிம்மா?" என்றேன். "ரோட்ல வர்றவ சத்தம் போட்டுக்கிட்டு வேற வரணுமாக்கும். இம்மாம் பெரிய வண்டிய வச்சுக்கிட்டு நீங்கல்ல பாக்கணும்." சரியான கேள்வி. கதவு திறக்கும் சத்தம், குணம் இறங்கிவிட்டாள். "மன்னிச்சுக்கம்மா, என் மேலதான் தப்பு, நான் புதுசா ஓட்டுறேன். அடி கிடி பட்டுச்சா?" "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, பயந்துட்டேன்." அந்தப் பெண்ணுக்குக் கோபம் இறங்கிவிட்டது, "பாத்துப் போங்கக்கா" என்றாள், பிறகு போய்விட்டாள், வாசனை குறைந்ததை வைத்துத்தான் போனாள் என்று தெரிந்தது.

குணம் காரை மெல்ல எடுத்து ஓரமாக ஒரு மர நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். வளையல்கள் ஸ்டியரிங்கில் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தன. "இனிமே நான் ஓட்டலங்க" என்றாள். "இந்த வயசுல எனக்கு எதுக்கு இது. வலது பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், அந்தப் பொண்ணு எப்படி வந்தான்னே தெரியல. நீங்க பாத்துச் சொல்லியும் நான் லேட்டா எடுத்துட்டேன் போலருக்கு. பட்டுக்கோட்டைல யாராச்சும் டிரைவர் கெடச்சா வச்சுக்குவோம்." நீங்க பாத்துச் சொல்லியும். நான் லேட்டா எடுத்துட்டேன். வசதியான ஏற்பாடு. நான் இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், "சரி, அப்படியே பண்ணுவோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் ரகசியம் பத்திரம், டிரைவர் வருவான், அவன் இரண்டு பக்கமும் பார்ப்பான், நான் பலகைகளைப் படித்துக்கொண்டே வரலாம். லைசென்ஸ் மட்டும் அலமாரியில் கிடக்கும். எண்பதில் போக ஆசைப்பட்டவள் இனி பஸ்ஸைத் தவிர எதிலும் முன்னால் உட்கார மாட்டாள், செத்துப்போகும் வரைக்கும் தன்னால் ஒரு பெண் அடிபட இருந்தாள் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு எண்ணெய் தேய்க்கக் காலை நீட்டுவேன். இல்லை, அவ்வளவு கேவலமாக என்னால் முடியாது. முடியும் என்று ஒரு நிமிஷம் தோன்றியதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. "தப்பு உன்னுது இல்ல, குணம்" என்றேன். "பின்ன யாருது?" "நான் பாக்கல." "பாத்துட்டுத்தான போன்னீங்க." "எனக்குத் தெரியல குணம். நடுவுல பார்வை போயிடுச்சு. காதுல விழுறத வச்சுத்தான் சொல்றேன். எப்பவுமே. எல்லா முக்குலயும்."

என் முகத்துக்கு முன்னால் காற்று அசைந்தது. "இது எத்தன விரல்?" உலகத்தில் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி, டாக்டரும் அதைத்தான் கேட்டார். "விரல் தெரியல. வளையல் தெரியுது." "எவ்ளோ நாளா?" "ஏழு மாசம்." அவள் மனதுக்குள் பின்னால் எண்ணுவது எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது, ஜனவரி, டிசம்பர், ஆயுதபூஜைக்கு மாமா வீட்டுக்குப் போனது, லைசென்ஸ், டிரைவிங் ஸ்கூல். "அப்ப முட்டி?" "முட்டி நல்லாத்தான் இருக்கு." "தெனம் எண்ணெ தேச்சு விட்டேனே." "அது நல்லா இருந்துச்சு." "அடி வாங்கப் போறீங்க" என்றாள், சொன்னபடியே தோளில் ஒன்று வைத்தாள், வலிக்கிற அடிதான். அதற்குப் பிறகு அழுதாள். அந்தப் பொண்ணு செத்திருந்தா, அந்தப் பொண்ணு செத்திருந்தா என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழும்போது எல்லாருக்கும் கலங்கலாகத்தான் தெரியும், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சமம். ஊசியைப் பற்றிச் சொன்னேன், யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னதையும் சொன்னேன். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் இல்லியா அந்த யாராச்சும்?" என்றாள். "நாளக் கழிச்சுத் திரும்பறப்ப நேரா ஆஸ்பத்திரி. ஹைவேஸ்ல போறோம். எண்பதுல போறோம்." சரி என்றேன். போட்ட சட்டமெல்லாம் போச்சு, போகட்டும். இவ்வளவு நாள் என்னைக் கட்டிப் போட்டிருந்தது ஏதோ ஒன்று அவிழ்ந்து, பசிக்கிற மாதிரிகூட இருந்தது. "முந்திரி எங்க?" என்றேன். "ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிவிட்டு ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு, "எறங்குங்க" என்றாள். "எதுக்கு?" "பின்னாடி போய் உக்காருங்க. நீங்க இங்கருந்து கழுத்த நீட்டினா எனக்கு இடது பக்கமே தெரியல, உங்க தலதான் தெரியுது. மொத நாள்லேர்ந்து அப்படித்தான். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

இறங்கிக் காரைத் தடவிக்கொண்டே பின்னால் வந்து ஏறினேன். சொந்தக் காரின் பின்சீட்டில் நான் உட்காருவது இதுதான் முதல் தடவை, பதினாலு வருஷமாக வைத்திருக்கிற கார், பின்சீட்டில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியாது. ஒரு பக்கம் துணிப் பெட்டி, இன்னொரு பக்கம் மாற்றுச் செருப்பு, காலை நீட்டி முட்டி உறையைக் கழற்றிப் போட்டேன், காற்று பட்டதும் அரிப்பு நின்றது. வண்டி கிளம்பியது. நான் முன்னால் இல்லாததால் குணத்துக்குப் பேச்சு வந்துவிட்டது, ஓட்டும்போது இவள் வாயே திறக்க மாட்டாள், என்னிடம் கேட்டுக் கேட்டுப் போகிற பதற்றத்தில் பேச இடமில்லை போலிருக்கிறது. "ஊதாக் கலர்ல ஒரு வீடு கட்டியிருக்கான் பாருங்க" என்கிறாள், பார்க்கச் சொன்னதற்குத் தன்னையே நொந்துகொண்டு, "கட்டியிருக்கான், மாடித் தொட்டி மேல மயில் நிக்கிது, சிமெண்ட்டு மயில், இல்ல, நெசமா, பறந்திடுச்சு" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்த ரோட்டில் இருபத்தெட்டு வருஷம் போய் வந்திருக்கிறேன், கண் இருந்த காலத்தில் பள்ளத்தையும் கைக்கடிகாரத்தையும் தவிர ஒன்றைப் பார்த்ததில்லை, பன்னிரண்டுக்குள் டாக்டரைப் பிடிக்க வேண்டும், மாலை ஆறுக்குள் அடுத்த ஊர். மயிலைக் கண்டேனா. ஒரு முந்திரியை வாயில் போட்டு மெல்கிறேன், கொப்பரை வாடை வருகிறது, நான் பேராவூரணி என்று சொல்லவில்லை, அவளே பலகையைப் படிக்கட்டும். கார் வேகம் குறைகிறது, ஒரு முக்கு போலிருக்கிறது, நின்றுவிட்டது. என் கழுத்து தானாக இடது பக்கம் திரும்புகிறது, பழக்கதோஷம், காது தானாக விரிகிறது. ஒரு சத்தமும் இல்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை, போகலாம். ஆனால் குணம் போகவில்லை. நிற்கிறாள். எதற்கோ நிற்கிறாள், யாரோ நடந்து போகிறார்களோ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்களோ, ஆடோ, இன்னொரு பூக்காரியோ, எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, பதற்றமில்லாமல் கியர் போட்டு, காரை மெல்லத் திருப்புகிறாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள்.